மண்டபமா, மைக் செட்டா?

செஞ்சிப் பக்கம் வல்லத்தில் ஒரு கல்யாண மண்டபம், பேர் வேண்டாம். அங்கே மேடையில் வாழ்த்திப் பேசியவர் என்ன சொன்னார் என்று யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். திட்டு முழுக்க மைக் செட்காரருக்கு.

"ஹாலே அப்படிண்ணா. இதே செட்டைத்தான் போன மாசம் கூத்துக்குக் கட்டினேன். கடைசி ஆள் வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு" என்றார் அவர். நழுவப் பார்க்கிறார் என்றது ஊர். எனக்கு அது துப்பாகப் பட்டது. செஞ்சிப் பக்கம் கூத்து நடப்பது திறந்தவெளியில். அங்கே போன சத்தம் போனதுதான். மண்டபத்தில் அது திரும்பி வருகிறது.

ஆளில்லாத நேரத்தில் உள்ளே போய் ஒரு பலூனை உடைத்தேன். பின்சுவரிலிருந்து தனியாக ஓர் எதிரொலி வந்து அறைந்தது. பிறகு நெடுநேரம் இரைச்சல். தரையிலும் இடுப்புயரச் சுவரிலும் பளபள டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட். சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூட இல்லை. செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியத்தில், வளைகூரையின் கீழே கை தட்டினாலும் இப்படித்தான். அதையாவது நெல்லுக்குக் கட்டினார்கள்.

இந்த இரைச்சலுக்குக் கணக்குக் கண்டவர் இயற்பியலர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று 1895-ல் அவரை இறக்கிவிட்டார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். காலிக் கூடத்தில் அது ஐந்தரை நொடி! மீட்டர் கணக்கில் கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால், அதாவது மொத்தப் பரப்பில் ஓசையை உறிஞ்சும் பங்கால், வகுத்தால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

நம் மண்டபத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம். 1,800 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 1,140 சதுர மீட்டர். இந்த வழுவழுப்பு நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சினால் பெரிது. விடை எட்டரை நொடி. 300 பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு அரை சதுர மீட்டர் என்று வைத்து, ஒன்றரை நொடிக்கு இறங்குகிறது. பேச்சுக்கு ஒரு நொடிதான் சுகம் என்றாலும் சமாளிக்கலாம். ஆனால் வாழ்த்துரை தொடங்கும்போது பாதிக் கூட்டம் பந்தியில் அல்லவா இருக்கிறது!

மைக் 'கூ'வென்று ஊளையிடுவது வேறு சங்கதி. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து, ஆம்ப்ளிஃபயரில் பெருத்து, மறுபடி ஸ்பீக்கருக்கே வந்து சுற்றுகிறது. டென்மார்க் இயற்பியலர் லார்சன் பேரால் இதைச் சொல்வார்கள். இதில் மைக் செட்காரருக்கும் பங்குண்டு. பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் பாக்ஸை வைத்தவர் அவர்தானே? புரியவில்லை என்று யாரோ கத்த, வால்யூமை ஏற்றியவரும் அவர்தான். ஏற்றினால் திரும்பி வருவதும் சேர்ந்தே ஏறும்.

மண்டபம் கட்டுகிறவர்கள் டைல்ஸுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தைப் பின்சுவருக்கு ஒதுக்கட்டும். கனத்த திரையை மடிப்பு மடிப்பாக, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கவிடலாம். மேடையோரம் இரண்டு பெரிய பாக்ஸ் அலறுவதைவிட, ஆட்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக நாலைந்து இருப்பது மேல். அதுவரை, திட்டுவதில் பாதியையாவது மண்டபம் கட்டியவருக்குக் கொடுங்கள்.