எண்ணப்படாத கோல்கள்

அரியலூர், பெரம்பலூர் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்டு ஆலைகளும், சின்ன வெங்காயமுமே. வரலாறு கற்றோர் கங்கைகொண்ட சோழபுரத்தையும், தமிழ் கற்றோர் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியையும் சேர்த்துச் சொல்வர். ஹாக்கி எனும் வளைகோல் பந்தாட்டத்தை நம் மண்ணோடு சேர்த்துப் பேசியவர் அரிது. 2022 மே மாதத்தில் அந்நிலை மாறிற்று. ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1 என்று சமநிலையில் முடித்தன. இந்தியாவுக்கான அந்த ஒரு கோலை அடித்தவர் அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம். நாட்டிற்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. அவர் ஒரு காவலாளியின் மகன் என்று செய்தித்தாளில் படித்தபோது, நம் நெஞ்சில் எழுந்த பெயர் தன்ராஜ் பிள்ளை.

தன்ராஜ் 1968-இல் புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையார் அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளர். புது மட்டை வாங்க வழியில்லை. பிறர் எறிந்த பந்துகளும் உடைந்த மட்டைகளுமே அப்பிள்ளைகளின் பயிற்சிக் கருவிகள். ஐந்து ஆண்மக்களையும் ஆடவிட்ட தாயாரைத் தன்ராஜ் எந்நாளும் நன்றியோடு நினைவுகூர்பவர். அத்தகைய இல்லத்தில், 'விளையாடியது போதும், வேலைக்குப் போ' என்று சொல்வதன்றோ எளிது!

அவர் இந்திய அணியில் இடம்பெற்ற 1989-இல் நம் ஹாக்கியின் பொற்காலம் கடந்துவிட்டிருந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது. மண்தரையில் பழகிய நம்மவர் ஏழாம் இடத்திற்கு இறங்கினர். 1980-இல் மாஸ்கோவில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வென்றதே நம் கடைசி ஒலிம்பிக் தங்கம். தன்ராஜோ நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியும் ஒரு பதக்கமும் காணாதவர். 2000-இல் சிட்னியில், போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கிச் சமநிலையில் வெளியேறியது. அன்று தன்ராஜ் குலுங்கி அழுததை ஹாக்கி அன்பர்கள் மறந்திலர்.

பதக்கத்தைக் கொண்டே ஒருவரை அளப்போமாயின், இவருக்கு என்ன மதிப்பெண் தருவது? நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு என 2004 வரை 339 பன்னாட்டு ஆட்டங்கள். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் தென்கொரியாவை வென்று, 1966-க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் மீண்டது. 2003-இல் ஆசியக் கோப்பையும் அவர் தலைமையில் முதன்முறையாக வந்தது. அடித்த கோல்களோ 170-க்கு மேல் என்பர். சரியான தொகை எவரிடமும் இல்லை, ஏனெனில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு அக்கணக்கை எழுதி வைக்கவேயில்லை. ஓடியவன் நினைவில் வைத்திருக்கிறான், ஓடவிட்டவர் ஏட்டில் இல்லை!

பாங்காக் தங்கத்திற்குப் பின் நடந்தது அதனினும் கசப்பானது. தன்ராஜும் மூத்த வீரர் அறுவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். களைப்பு தீர ஓய்வு என்றது அதிகாரபூர்வ விளக்கம். ஆட்ட ஊதியத்தைப் பற்றியும் நிர்வாகச் சீர்கேட்டைப் பற்றியும் வாய்திறந்ததற்கான தண்டனை அது என்றே பலரும் கருதினர். நம் எண்ணமும் அதுவே. அவரைக் கோபக்காரர் என்று பழித்தோர் உண்டு. கேட்க வேண்டிய கூலியைக் கேட்பவனுக்கு நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பட்டம் அது. ஆயினும் அவர் மீண்டும் அணிக்கு வந்தார், ஆடினார்.

கார்த்தியின் காலம் சற்றே வேறானது. மாநில அரசின் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் அவருக்குப் பயிற்சி கிட்டியது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் அவரும் அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என வென்றது. முன்னதாக லீக் சுற்றில் அதே மலேசியாவை 5-0 என வீழ்த்திய ஆட்டத்தில் முதல் கோல் அரியலூர்ப் பிள்ளையுடையது. அது 15-ஆம் நிமிடத்தில் அடிக்கப்பட்டது என்று ஏட்டில் பதிவாகியிருக்கிறது.