பின்கட்டு வைஃபையும் கடைசி பெஞ்சும்

 

திருத்தங்கலில் எங்கள் பழைய வீட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். தெருவாசலில் நின்றால் கொல்லை தெரியும், அவ்வளவு நீளம். சுவர்களும் தடிமன். இணைய மோடம் முன்னறையில் இருக்கிறது. இடுப்பு ஒடிந்ததிலிருந்து 88 வயது அம்மாவுக்குப் பின்கட்டில்தான் படுக்கை. சிங்கப்பூரிலிருந்து என் மகன் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான். பாதியில் படம் அப்படியே நின்றுவிடும். "ஏன்டா, பய பேசாம மொறச்சுக்கிட்டே இருக்கான்? எம்மேல கோவமா?" என்பார் அம்மா.

1,800 ரூபாய்க்கு ரேஞ்ச் எக்ஸ்டென்டர் ஒன்று வாங்கி அம்மா கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டினேன். போனில் சிக்னல் கோடு முழுதாக வந்தது. படம் மட்டும் பழையபடியே நின்றது.

1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது கேமரா, கேபிள் வேலை செய்கிறார். அவர் வந்து வேகத்தை அளந்தார். முன்னறையில் 92, பின்கட்டில் 11.

"சார், போனுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவுலதான் கோடு முழுசா இருக்கு. மோடம் சொல்றது பெட்டிக்கே சரியா கேக்கல" என்றார். பெட்டியை நடு அறைக்கு மாற்றினார். 40 வந்தது. ஏன் இன்னும் பாதிகூட இல்லை என்றேன்.

"இது ஒரே அலைவரிசைல வாங்கி, அதுலயே திருப்பிக் குடுக்குது. கேக்கும்போது பேச முடியாது, பேசும்போது கேக்க முடியாது. பாதி நேரம் அதுலயே போயிரும். நம்ம கிளாஸ் லீடர் மாதிரி சார்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருடம் ஒரே அறையில் 70 பிள்ளைகள். நான் முன்னால் நின்று சொல்வதை லீடர் பின்வரிசைக்குத் திருப்பிச் சொல்வான். அவன் முடிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குப் போயிருப்பேன். பின்வரிசையில் இருந்தவர்கள் ராத்திரி வீட்டில் தீக்குச்சி அடுக்கிவிட்டு வந்த பிள்ளைகள். 1986-லேயே சட்டம் வந்தும் வீட்டு வேலை நிற்கவில்லை. நோட்டில் பாதிதான் இருக்கிறது என்று அவர்களைத்தான் அடித்தேன். இவரும் அந்த பெஞ்சுதான்.

"உனக்குப் பாதிதான்டா கேட்டிருக்கும்" என்றேன்.

"விடுங்க சார். வயர் எந்தப் பக்கமா இழுக்கணும், சொல்லுங்க" என்றார்.

மோடத்திலிருந்து பின்கட்டு வரை லேன் வயர் இழுத்து, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்தார். அந்த வயர் 100 மீட்டர் வரை தாங்குமாம். எங்களுக்கு 25 போதுமானதாக இருந்தது. இப்போது பின்கட்டிலும் 90. வயர் இழுக்க வழியில்லாதவர்கள் எக்ஸ்டென்டரைச் சிக்னல் செத்த இடத்தில் மாட்டாதீர்கள், பாதி வழியில் மாட்டுங்கள். இரண்டு அலைவரிசை உள்ளதாக வாங்கினால் ஒன்றில் வாங்கி மற்றதில் கொடுக்கும், இழப்பு குறையும்.

போன ஞாயிறு அம்மா முக்கால் மணி நேரம் பேசினார்.

அந்த வருடம் பின்வரிசையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். இந்த முறை நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.