அன்னதானப் பெட்டியில் ஒரு காலி இடம்

 

பதிவு கொஞ்சம் நீளம். காப்பி கலக்கி வச்சிட்டுப் படிங்க. தட்டச்சு பண்றது ஒரு கைதான், ஆனா சொல்றது தண்ணீர் பந்தல் கணக்குப் பார்க்கிற எங்க எல்லாருடைய வார்த்தையும். வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் அந்தக் காலி இடத்தைப் பற்றி ஓடின பேச்சுக்கு அங்கேயே பதில் எழுதினோம். ஆனா நாலு வரியில் சொன்னா யாருக்கும் விளங்கலை. அதனால முதலிலிருந்து சொல்றோம்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதல் நாளே ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்கு வந்துடும். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ரதம் வர்ற வழியில் எத்தனை பந்தல், அதில் நம்ம பந்தலும் ஒண்ணு. மோர், ரோஸ் சிரப் தண்ணி, மத்தியானம் சோறு. மூணு நாள் தூக்கம் கிடையாது. அது முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கு நிஜமான வேலை: ரசீது எல்லாம் சேர்த்துக் கணக்குக் காட்டணும்.

வருஷா வருஷம் மூணு பக்கம் அச்சடிச்சு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். யாரும் படிக்க மாட்டாங்க. படிக்காமலே "பணமெல்லாம் எங்க போகுது?"ன்னு மட்டும் கேட்பாங்க. கேட்கிறது தப்பில்லை. உங்க பணம், முருகன் பேர்ல கொடுத்தது. எங்களுக்குத்தான் காட்டத் தெரியலை.

நாங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லை. ஐந்தாம் படிவம் முடிச்சதும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனவங்க. 1972-ல் அங்கே தொடங்கின தொழிற்பேட்டைதான் எங்க வயசுக்காரங்க பாதிப் பேருக்குச் சோறு போட்டது. லைனில் நின்னு, லைன் லீடராகி, இப்ப சூப்பர்வைசர். ஃபேக்டரியில் பரேட்டோ வரைபடம்னு ஒண்ணு உண்டு. எந்தக் கோளாறு அதிகமோ அந்தக் கம்பம் உயரமா முதலில் நிற்கும். அதைப் போலக் கோயில் கணக்கையும் வரைஞ்சு பார்த்தோம். இருபது கம்பம் வந்துச்சு, ஆனா எது அன்னதானத்தைச் சேர்ந்தது, எது பந்தலைச் சேர்ந்ததுன்னு குடும்பம் தெரியலை. வட்டப்படம் போட்டோம். அது இன்னும் மோசம், கேக்கை இருபது பேருக்கு வெட்டின மாதிரி. கேஸ் தோங் செலவும் லோரி வாடகையும் ஒரே மாதிரி சின்ன கீற்று, எது பெரிசுன்னு கண்ணால சொல்ல முடியலை.

பொருளாளர் அக்காவோட மகன்தான் நம்ம சேவை முறை பட்டியல், நன்கொடைப் பதிவு எல்லாம் வர்ற அந்த இணையச் செயலியைச் செஞ்சு கொடுத்தவர். அவர்தான் "ட்ரீமேப் போடலாம் மாமா"ன்னார். ட்ரீன்னா மரம், மேப்னா படம். எங்களுக்கு வேப்பமரம் மாதிரி ஏதோ வரையப் போறார்னு நினைப்பு. பார்த்தா முழுக்க முழுக்கக் கட்டம்.

அதோட கதையையும் சொன்னார், எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. 1990-ல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன்னு ஒரு பேராசிரியர். அவங்க ஆய்வுக்கூடத்தில் 14 பேருக்குப் பொதுவா ஒரே ஒரு 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். (இப்ப நாம அனுப்புற ஒரு காலை வணக்கம் வீடியோ அதில் பாதியை அடைச்சிடும்.) அது நிரம்பிக்கிட்டே இருந்துச்சாம். யார் இடத்தை அடைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கணும். கிளை கிளையா மரம் வரைஞ்சா தாள் பத்தலை. அதனால ஒரே சதுரத்தை எடுத்து, ஒவ்வொருத்தர் அடைக்கிற அளவுக்குத் தகுந்த மாதிரி அதைப் பங்கு போட்டு, அந்தப் பங்குக்குள்ள அவங்கவங்க ஃபைலை மறுபடி பங்கு போட்டார். தாய்ப் பெட்டிக்குள்ள பிள்ளைப் பெட்டி, அதுக்குள்ள பேரப் பெட்டி. கோயில் ஸ்டோர் ரூம் நிரம்பினா நாங்க போடுற சண்டையேதான் இது, அவர் சண்டை போடாம படம் போட்டிருக்கார்.

"அஞ்சறைப் பெட்டி மாதிரியா?"ன்னு அக்கா கேட்டாங்க. மகன் சிரிச்சிட்டுச் சொன்னார்: "இல்லைம்மா, அதில் கடுகுக்கும் மல்லிக்கும் ஒரே அளவு அறை. இதில் எவ்வளவு செலவோ அவ்வளவு இடம்."

முதல் காலத்தில் அந்தக் கட்டங்கள் நூடுல்ஸ் மாதிரி நீள நீளமா மெலிஞ்சு வருமாம், பேர் எழுத இடம் இருக்காது. 2000 வாக்கில் நெதர்லாந்து ஐண்ட்ஹோவன் பல்கலைக்கழகத்தில் மூணு பேர், பெரிசை முதலில் வச்சு, முடிஞ்ச அளவு சதுரத்துக்குப் பக்கமா வர்ற மாதிரி அடுக்கும் முறையைக் கொண்டுவந்தாங்க. நம்ம செயலியில் போட்டது அந்த முறைதான். அதுக்கு டி3-னு ஒரு இலவசத் தொகுப்பு இருக்கு. 2011-லிருந்து உலகம் பூரா பயன்படுத்துறாங்க. கணக்குப் போடுறது அது, கட்டம் வரையறது நம்ம வேலை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். கணக்கைக் கிளை வாரியா எழுதிக் கொடுத்தோம்: அன்னதானம், அதுக்குக் கீழ அரிசி, காய்கறி, மளிகை, கேஸ், பால் மோர். பந்தல், அதுக்குக் கீழ கெமா, மேசை நாற்காலி. இப்படியே எல்லாம். தம்பி தட்டினார். திரையில் ஒண்ணுமே வரலை, வெறும் வெள்ளை. பிழைச் செய்தியும் இல்லை. ஒரு மணி நேரம் தேடின பிறகு தெரிஞ்சுது: படம் உட்காரும் பெட்டிக்கு அகலம் இருக்கு, உயரம் கொடுக்கலை. உயரம் பூஜ்யம், அதனால படம் சரியாத்தான் வரைஞ்சிருக்கு, பூஜ்யம் உயரத்தில். ஃபேக்டரியில் புது மெஷின் ஓடலைன்னா முதலில் பிளக் பாருன்னு நாங்க பையன்களைத் திட்டுவோம். அன்னிக்கு எங்களைத் திட்ட ஆள் இல்லை.

அடுத்தது கெமா வாடகை. நாம கொடுத்தது 3,900 வெள்ளி, அதில் 500 முன்பணம் திரும்பி வந்துச்சு. அக்கா முறைப்படி கழித்தல் போட்டு 500-னு எழுதியிருந்தாங்க. பரப்பளவுக்குக் கழித்தல் ஏது? மைனஸ் அஞ்சு அடி நிலம்னு யாரும் விற்க மாட்டாங்க. கெமா கட்டம் பந்தல் எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்து மேல ஏறிடுச்சு. கடைசியில் நிகரமா 3,400-னு போட்டு, முன்பணம் விவரத்தைப் படத்துக்குக் கீழ எழுதினோம்.

கைப்பேசியில் சின்னக் கட்டத்துக்குள்ள எழுத்து பிதுங்கினதால, சின்னதுக்குப் பேரை மறைச்சு, விரலால் தொட்டா வர்ற மாதிரி பண்ணார். நிறம் குடும்பத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இணைப்பைக் குழுவில் போட்டுட்டோம். அன்னதானம் பெரிய மஞ்சள் கட்டம். உள்ளே பிள்ளைக் கட்டங்கள். அதில் பாதி இடம் காலியா, வெறும் மஞ்சளா இருந்துச்சு. நாங்க பார்த்தோம். அழகுக்கு விட்டிருக்கார்னு நினைச்சோம். அவர் தலைப்பு எழுத இடம் விட்டது கொஞ்சம் பெரிசாயிடுச்சுன்னு நினைச்சார்.

சாயங்காலம் ஒரு பாட்டி கூப்பிட்டாங்க. வருஷம் தவறாம ஐம்பது வெள்ளி கொடுக்கிறவங்க. பேத்தி போனில் படத்தைக் காட்டியிருக்கா. "ஏம்பா, அந்த மஞ்சள்ல பாதி காலியா இருக்கே, அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினீங்க?"ன்னு கேட்டாங்க. கோபமே இல்லாம, ரொம்ப சாதாரணமா.

எங்களுக்குக் கை கால் ஓடலை. அப்பத்தான் மொத்தத்தைப் பார்த்தோம்: செலவு 27,000 வெள்ளி! வசூலே 18,650. அதுக்குள்ள குழுவில் ஒருத்தர், "மீதி எட்டாயிரத்துச் சொச்சம் யார் பாக்கெட்லேர்ந்து வந்துச்சு, இல்லை யார் பாக்கெட்டுக்குப் போகுது?"ன்னு போட்டுட்டார். அதுக்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரல். பொருளாளர் அக்கா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. இருபது வருஷமா ஒரு காசு பிசகாம எழுதினவங்க. "சாவியை வாங்கிக்குங்க, எனக்கு வேண்டாம்"ன்னு அழுதாங்க. அதைப் பார்த்தப்ப இந்தப் படமே போட்டிருக்க வேண்டாம்னு தோணிச்சு, மறைக்காம சொல்றோம்.

ராத்திரி ஒரு மணிக்குக் காரணம் கிடைச்சுது. அக்காவோட பழக்கம், அன்னதானப் பொருள் எல்லாம் எழுதி, அன்னதானம்கிற தலைப்புக்கு நேரா அதோட கூட்டுத்தொகை 9,000-ஐயும் எழுதிடுவாங்க. நோட்டுப் புத்தகத்துக்கு அது சரி, நல்ல பழக்கமும்கூட. ஆனா இந்தத் தொகுப்பு கூட்டுற விதம் வேற: தாய்ப் பெட்டிக்குன்னு ஒரு எண் இருந்தா அதையும் எடுத்துக்கும், பிள்ளைகளோட எண்களையும் அது மேல கூட்டும். ஆக அன்னதானம் 9,000 இல்லை, 18,000 ஆயிடுச்சு. பெட்டியை அந்த அளவுக்குப் பெரிசா வரைஞ்சுது. உள்ளே வைக்கப் பிள்ளைகள் 9,000-க்குத்தான் இருக்கு. பாதி காலி. மத்த செலவு 9,000, அதோட சேர்த்து 27,000. பாட்டி விரல் வச்ச இடம்தான் சரியா அந்தப் பிழை.

அந்த ஒரு எண்ணை எடுத்தோம். மஞ்சள் சுருங்கிச்சு, காலி இடம் போச்சு, மொத்தம் 18,000 வந்துச்சு. கையிருப்பு 650, வங்கிப் புத்தகத்தோட ஒத்துப் போச்சு. இப்ப தம்பி ஒரு காவலும் போட்டிருக்கார்: படத்தோட மொத்தமும் அக்காவோட நோட்டு மொத்தமும் ஒண்ணா இல்லைன்னா படம் வெளியே வராது, எங்களுக்கு மட்டும் சிவப்பு எழுத்து வரும். ஃபேக்டரியில் இப்படித் தப்பே நடக்க விடாத அமைப்பைப் போக்கா-யோக்கேன்னு ஜப்பான்காரங்க பேர் வச்சிருக்காங்க, முப்பது வருஷமா அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். கோயில் கணக்குக்கு அதை வைக்க எங்களுக்குத் தோணலை பாருங்க.

இன்னொரு விஷயம். படம் நல்லா இருக்கேன்னு, நன்கொடை கொடுத்தவங்க பேரையும் இதே மாதிரி கட்டத்தில் போடலாம்னு சிலர் கேட்டீங்க. போட்டுப் பார்த்தோம், எங்களுக்குள்ள மட்டும். ரெண்டு கடைக்காரர் கட்டம் பாதித் திரையை எடுத்துக்கிச்சு. பத்து வெள்ளி கொடுத்தவங்க எல்லாரும் மூலையில் மணல் மாதிரி, தொட்டாலும் விரலுக்கு அகப்படலை. அந்தப் பாட்டி எங்க இருக்காங்கன்னு தேடினோம், கிடைக்கலை. அழிச்சிட்டோம். நன்கொடைப் பட்டியல் எப்பவும் போலத் தேதி வாரியாத்தான் வரும். செலவுக்கு மட்டும்தான் கட்டம். இதில் சிலருக்கு வருத்தம், பரவாயில்லை.

அக்கா சாவியைத் திரும்ப வாங்கிட்டாங்க. குழுவில் கேள்வி கேட்டவர் நேரில் வந்து அவங்ககிட்டப் பேசினார், அது அவங்க ரெண்டு பேர் விஷயம். திருத்தின படத்தோட இணைப்பு குழுவில் மேலேயே இருக்கு, படத்துக்குக் கீழ பழையபடி பட்டியலும் இருக்கு, கண் தெரியாதவங்க பெரிய எழுத்தில் பார்க்கலாம். அசல் ரசீது ஃபைல் வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜைக்குப் பிறகு மண்டபத்து மேசையில் இருக்கும். பாட்டியைக் கூட்டிட்டு வர்றதுக்குக் கார் ஏற்பாடு பண்ணியாச்சு. யாருக்காவது அந்தப் பக்கம் இருந்து வர வண்டி வேணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.

முருகா சரணம்.