ஷிப்ட்

'ஷிப்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமா? நெய்வேலிக்கு வாருங்கள். அக்கா வீட்டில் நான் கால் வைத்ததுமே, "உஷ்! அத்தான் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார்" என்றாள். பட்டப்பகலில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. குழந்தைகள் பூனை நடை நடந்தார்கள். சுரங்கத்துக்கு மூன்று ஷிப்ட் என்றால் சமையலறைக்கும் மூன்று ஷிப்ட்தான். அதற்கு வாரவிடுமுறை மட்டும் கிடையாது!

பத்திரிகைக்காரியின் கை சும்மா இருக்குமா? அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் இதற்குப் 'பிரி, பங்கிடு' என்று பொருளாம். 'இடம் மாற்று' என்பது பிற்பாடு வந்தது. ஒரு கூட்டம் போய் மறு கூட்டம் வேலைக்கு வருவதும் அப்படித்தான் ஷிப்ட் ஆயிற்று.

இங்கே 1957-ல் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது. அதற்கு முதலில் மேல்மண்ணை ஷிப்ட் பண்ண வேண்டும். மண்ணின் மேலிருந்த ஊர்களையும்தான்.

மறுநாள் காலை கீரைக்காரப் பாட்டியிடம், "எந்த ஊர் பாட்டி?" என்று கேட்டுவைத்தேன்.

"எங்க ஊரு இப்ப சுரங்கத்துக்குள்ள இருக்கும்மா. ஷிப்ட் பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டோம். மூத்தவன் ஒரு திக்கு, இளையவன் ஒரு திக்கு. ஒரே அடுப்புல ஒலை வச்ச குடும்பம்..." என்றவள், கூடையைப் பார்த்துக்கொண்டாள். "முருங்கைக்கீரை ரெண்டு கட்டு போடட்டுமா?"