வெள்ளி விளைந்த ஊர் பிரைபேர்க்

ஜேர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது ஒரே நாடாகத்தான் தெரியும். 1871 வரை இந்த நிலம் மன்னர்களும் கோமகன்களும் ஆண்ட பல அரசுகளாகவும், சில சுதந்திர நகரங்களாகவும் பிரிந்து கிடந்தது. அவை தத்தம் பெயரில் வெள்ளிக்காசு அடித்தன. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பார்க்க விரும்பினால், சக்சோனியிலுள்ள பிரைபேர்க் நகருக்கு ஒருமுறை போய் வாருங்கள். ட்ரெஸ்டனிலிருந்து புகையிரதத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

1168ஆம் ஆண்டளவில் இங்கே வெள்ளி கிடைத்தது. செய்தி கேட்டு வேறிடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களால் வளர்ந்த ஊர் இது. 'ரைஹெ செஹெ' என்னும் பழைய சுரங்கத்தில் 150 மீற்றர் ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கலாம். உள்ளே குளிரும்; பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கொண்டு போங்கள்.

இந்த மலைத்தொடரின் மறுபுறம், இன்றைய செக் நாட்டில், யோஆகிம்ஸ்தால் என்ற ஊர் இருக்கிறது. 1520 அளவில் அங்கே அடித்த பெரிய வெள்ளிக்காசுக்கு ஊர்ப்பெயரால் 'தாலர்' என்று பெயர் வந்தது. 'டொலர்' என்ற சொல்லுக்கும் அதுவே மூலம்.

1857இல் பல அரசுகள் கூடி, 500 கிராம் தூய வெள்ளிக்கு 30 தாலர் என்று ஒப்பந்தம் செய்தன. எந்த மன்னரின் தலை இருந்தாலும் எடை ஒன்றுதான்: சுமார் 18.5 கிராம். பழைய சாமான் சந்தையில் இந்தத் தாலரை வாங்குவோர் சிறு தராசு ஒன்றையும் காந்தம் ஒன்றையும் கொண்டுபோவது நல்லது. எடை வெகுவாகக் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ வாங்காதீர்கள். வாங்கிய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். சேகரிப்போரிடம் அதன் மதிப்புப் போய்விடும்.

1866 போருக்குப் பின் ஹனோவர், நாசவ், பிராங்பேர்ட் முதலிய அரசுகளைப் பிரஷ்யா விழுங்கியது. வரைபடத்தில் அவை இல்லாமற் போயின. ஆனால் அவற்றின் பெயர் பொறித்த தாலர், 3 மார்க் பெறுமதியில், 1907 வரை செல்லுபடியானது. அரசு போய் 41 ஆண்டுகள் அதன் பெயர் மக்கள் கையில் புழங்கியது.

உங்கள் சட்டைப்பையிலுள்ள ஜேர்மன் யூரோ காசை எடுத்துப் பாருங்கள். ஏ, டி, எஃப், ஜி, ஜே என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். பேர்லின், மூன்சன், ஸ்ருட்கார்ட், கார்ள்ஸ்ரூஹ, ஹம்பேர்க் ஆகிய நாணயசாலைகளின் அடையாளங்கள் அவை. விடுபட்ட 'ஈ' முதலில் ட்ரெஸ்டனுக்கு உரியது. 1887 முதல் 1953 வரை பிரைபேர்க்கின் அருகிலுள்ள முல்டென்ஹியூட்டன் நாணயசாலை அதைப் பொறித்தது.