மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?

1/ கண்ணமங்கலத்துல, ஜவ்வாது மலை அடிவாரத்துல நான் பார்த்த ஒரு கேஸ். ஐம்பது வயசு அம்மா, டிபி. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டரை மாசத்துல நிறுத்திட்டாங்க. மூணு வாரம் கழிச்சு மறுபடி காய்ச்சல்னு மகன் கூட்டிட்டு வந்தார்.

2/ "ஏம்மா நிறுத்துனீங்க?"
"மாதா கனவுல வந்தாங்க சார். சுகமாயிடுச்சுன்னு சொன்னாங்க."
அம்மா கத்தோலிக்கர். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கு வருஷம் தவறாம போறவங்க. மகன் ஒரு ஜெபவீட்டுக்கு மாறிட்டவர். "அதெல்லாம் வேதத்துல இல்லாத காரியம் சார்"னு குறுக்கிட்டார்.

3/ "சரி தம்பி, நீங்களாவது மாத்திரை போடச் சொல்லியிருக்கலாமே?"
"எங்க சபையில ஜெபிக்கும்போது, நோய் போயிடுச்சுன்னு தீர்க்கதரிசனம் வந்துச்சு சார்."
மத்த எல்லாத்துலயும் சண்டை. மாத்திரையை நிறுத்துறதுல மட்டும் ஒற்றுமை!

4/ சண்டை பழசு. கடவுள் இன்னைக்கும் தனி ஆளுகிட்ட பேசுவாரா? பேசினார்னு ஒருத்தர் சொன்னா அதைச் சோதிக்கிற அதிகாரம் யாருக்கு? கத்தோலிக்கர் பதில்: திருச்சபைக்கு, அதாவது ஆயருக்கு.

5/ லூர்து நகரத்தையே எடுத்துக்கோங்க. 1858-ல பெர்னதெத்ங்கிற 14 வயசுப் பொண்ணு மாதாவைப் பார்த்தேன்னு சொன்னா. விசாரணைக் குழு வெச்சு, 1862-லதான் ஆயர் ஏத்துக்கிட்டார். 1883-ல இருந்து அங்க மருத்துவக் குழு ஒண்ணு இருக்கு. குணமானேன்னு வந்தவங்க 7,000 பேருக்கு மேல. புதுமைன்னு திருச்சபை ஏத்துக்கிட்டது 2025 வரைக்கும் 72 மட்டும்.

6/ டாக்டர்கள் சொல்றது "இன்றைய மருத்துவத்தால விளக்க முடியல"ங்கிறது வரைக்கும்தான். புதுமையான்னு முடிவெடுக்கிறது ஆயர். அப்படி ஏத்துக்கிட்ட காட்சியையும் நம்பித்தான் ஆகணும்னு எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயம் இல்ல. இது நிறைய கத்தோலிக்கர்களுக்கே தெரியாது.

7/ புராட்டஸ்டண்டுகள் கேட்கிறது: ஆயருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? வேதம் போதாதா? நியாயமான கேள்வி. ஆனா அந்தப் பக்கமும் இதே தலைவலி சீக்கிரமே வந்துச்சு. கடவுள் எங்ககிட்ட நேரா பேசுறார்னு சிலர் கிளம்பினப்போ, 1522-ல லூத்தரே விட்டன்பர்க் திரும்பி வந்து பிரசங்கம் பண்ணி ஊரை அடக்க வேண்டியதாச்சு. அவரவர் வேதத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆளுக்கொண்ணு சொன்னா யார் தீர்ப்பு சொல்றதுன்னு கத்தோலிக்கர் இன்னைக்கும் கேட்கிறாங்க.

8/ நம்ம ஊர்க்காரங்க ஓடுற வேலூர் சிஎம்சி-யும் ஒரு 'அழைப்பு'ல பிறந்ததுதான். 1890-கள்ல திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பெண்கள் பிரசவத்துல இறந்தாங்க. பார்க்க பெண் டாக்டர் இல்ல. ஐடா ஸ்கடர் அதைக் கடவுளோட குரலா எடுத்துக்கிட்டாங்க. அவங்க புராட்டஸ்டண்ட். குரல் கேட்டதும் அவங்க செஞ்சது என்ன? அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு, 1899-ல பட்டம் வாங்குனாங்க. 1900-ல வேலூர்ல ஒத்தைக் கட்டில் ஆஸ்பத்திரி.

9/ திரும்ப அந்த அம்மாகிட்ட வரேன். ஒண்ணுதான் கேட்டேன். "சுகமாச்சுன்னு மாதா சொன்னாங்க, சரி. மாத்திரையை நிறுத்துன்னு சொன்னாங்களா?"
ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "இல்ல சார். அது நானா நினைச்சுக்கிட்டது."

10/ மகன்கிட்ட: "எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கன்னு பவுலே எழுதியிருக்காரே தம்பி. உங்க சபையில இதைச் சோதிச்சது யாரு?" பதில் இல்ல. கோவமா இருந்தார். ஆனா சளி டெஸ்டுக்கு அம்மாவை அவர்தான் கூட்டிட்டுப் போனார்.

11/ டிபி-யில ரெண்டு மாசத்துல இருமல் நின்னு உடம்பு தேறும். 'சுகமாயிடுச்சு'ன்னு தோணுறது பொய் இல்ல. ஆனா கிருமி உள்ள மிச்சம் இருக்கும். சாதாரண டிபி-க்கே ஆறு மாசம் முழுசா போடணும். நடுவுல நிறுத்தினா மருந்துக்கு அடங்காத டிபி-யா மாறலாம்.

12/ அந்த அம்மாவுக்கு நல்லவேளை அப்படி ஆகல. மறுபடி ஆரம்பிச்சு கோர்ஸை முடிச்சாங்க. சுகம் குடுத்தது மாதாவா இயேசுவான்னு அந்த வீட்டுல இன்னும் சண்டை ஓடுது. ஓடட்டும். அதைத் தீர்க்கிற அதிகாரம் எனக்கு இல்ல. காட்சி, கனவு, தீர்க்கதரிசனம் எது வந்தாலும் கோர்ஸ் முடியிற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க, சளி டெஸ்டும் பண்ணிடுங்க. நிஜமாவே சுகம்னா டெஸ்ட் அதை மாத்திடாது.