அச்சும் அன்னமும்

பிறர் பொருளை எடுப்பது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காத பெற்றோர் நம்மிடையே இல்லை. பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பறித்து வந்த சிறுவனிடம், 'கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா' என்று கண்டிப்போடு சொல்லும் தாய்மார்களை நாம் அறிவோம். ஆனால், பிறர் எடுத்த படத்தையோ பிறர் வடித்த உருவத்தையோ கேளாமல் எடுத்துக்கொள்வதும் இவ்வகையைச் சேர்ந்ததுதானா என்று வினவினால் பலரும் தயங்குவர். 'நாம் எடுத்த பின்பும் அது அவரிடமே இருக்கிறதே, அவருக்கு என்ன நட்டம்?' என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வாதம் நியாயமாகவே தோன்றும். அது எவ்விடத்தில் பிழைபடுகிறது என்பதை நம் வட்டாரத்துத் தொழில் ஒன்றைக் கொண்டே ஆராய விரும்புகிறோம்.

நாம் வாழ்வது கடலூர் மாவட்டத்து நல்லூரில். நமக்குச் சந்தையும் மருத்துவமனையும் இரயிலடியும் விருத்தாசலமே. அந்நகரத்தைப் பீங்கான் நகரம் என்று வெளியூரார் அழைப்பது வழக்கம். பீங்கான் தொழிலுக்கென்றே ஒரு தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு உள்ளன. அகல் விளக்கு, மின்சார வேலைக்கான பீங்கான் பொருள்கள், பொம்மைகள் எனப் பலவும் அங்குள்ள சூளைகளில் வேகின்றன. பொம்மை செய்யும் முறை எளிதுபோல் தோன்றினும் நுணுக்கம் நிறைந்தது. முதலில் கைவல்லவர் ஒருவர் மாதிரி உருவம் ஒன்றைச் செய்வார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி, பிரித்தெடுக்கத்தக்க அச்சு ஒன்றை உண்டாக்குவர். கூழ்போல் கரைத்த களிமண்ணை அவ்வச்சினுள் ஊற்றினால், நீரை அச்சு உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் களிமண் ஏடுபோல் படியும். எஞ்சிய கூழை வடித்துவிட்டு, சற்று இறுகியபின் அச்சைப் பிரித்தால் உள்ளீடற்ற பொம்மை கிடைக்கும். அதன் பிசிறுகளைச் சீவி, உலர்த்தி, சுட்டு, வண்ணமும் மெருகும் ஏற்றுவர்.

இத்தொழிலில் ஈடுபட்ட கணவன் மனைவி இருவரைப் பல ஆண்டுகளாக நாம் அறிவோம். கணவர் அச்சும் வார்ப்பும் பார்ப்பார். மனைவி கண் திறந்து வண்ணம் தீட்டுவார். அவர்கள் நம் திருமறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் குடில் பொம்மைகள் செய்வர். கடைகளில் கிடைக்கும் இடையர் உருவங்கள் எல்லாம் அயல்நாட்டு அங்கியோடு நிற்பதைக் கண்ட அவ்வம்மையார், நம் வயல்களில் ஆட்டுக்கிடை போடும் இடையரைப் போலவே ஓர் உருவம் செய்யலாம் என்றார். தலையில் துண்டு, தோளில் துரட்டி, கக்கத்தில் அன்று ஈன்ற குட்டி. மாதிரி உருவம் மனநிறைவாக அமைவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. செய்து செய்து உடைத்தார்கள். வந்த அவ்வாண்டு அந்த இடையரை விரும்பி வாங்காத வீடு எமக்குத் தெரிந்த வட்டாரத்தில் குறைவு.

மறு ஆண்டு வெளியூர்க் கடைத்தெரு ஒன்றில் அதே இடையர் பாதி விலைக்கு விற்கப்படுவதைக் கண்டு, ஒன்றை வாங்கிவந்து அவ்வம்மையாரிடம் காட்டினோம். அவர் அதைத் தம் பொம்மையின் அருகில் நிறுத்தி நெடுநேரம் பார்த்தார். பின்பு, "நம்ம பிள்ளைதான் ஐயா, இளைச்சுப் போய் நிக்குது" என்றார்.

அச்சொல்லில் துயரம் மட்டுமன்று, தொழிலறிவும் இருந்தது. களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்குவது இயல்பு. ஆகவே, சுட்ட பொம்மையையே மாதிரியாக வைத்து அச்செடுத்து வார்த்தால், பிறக்கும் பொம்மை மூலத்தைவிடச் சிறுத்தே இருக்கும். மடிப்புகள் மழுங்கும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திருட்டுக்கு மண்ணே சாட்சி சொல்லுகிறது. ஆனால், வாங்குவோர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது விலையை மட்டுமே.

'அவருக்கு என்ன நட்டம்?' என்ற வினாவிற்கு விடை இங்கேதான் உள்ளது. ஒரு பொம்மையின் விலையில் மண், விறகு, வண்ணம், கூலி ஆகியவை மட்டும் இல்லை. உடைத்தெறியப்பட்ட மாதிரிகளும், வருவாயின்றிக் கழிந்த அந்த மூன்று மாதங்களும் அதில் அடக்கம். படியெடுத்தவருக்கு அச்செலவு இல்லை. எனவே அவர் பாதி விலைக்கு விற்கலாம். பொம்மை மூலவரிடமே இருப்பது உண்மைதான். அவரை விட்டுப் போனது அந்த மூன்று மாதக் கூலி.

இத்துடன் முடியவில்லை. இத்தம்பதியரின் மகள் பொம்மைகளைக் கைப்பேசியில் அழகாகப் படமெடுத்து இணையத்தில் இட்டு, அதன்வழியே வெளியூர் ஆர்டர்கள் பெற்றுவந்தாள். அப்படங்களில் ஒன்றை வேறொரு வணிகர் எடுத்து, தம் மலிவுப் பொம்மைக்கு விளம்பரமாக இட்டுவிட்டார். படம் இவர்களுடையது; அனுப்பப்பட்ட பொருள் அவருடையது. மங்கிய பொம்மையைப் பெற்று ஏமாந்த சிலர், படத்தை அடையாளம் கண்டு இவர்களையே தொலைபேசியில் ஏசினர். உழைப்போடு நற்பெயரும் களவு போயிற்று. 'இதற்கு எங்காவது சம்பளத்துக்குப் போகலாம் அப்பா' என்று அப்பெண் சொன்னதாகக் கேட்டபோது நமக்கு மனம் கனத்தது. ஒரு தொழில் ஒரு குடும்பத்தை விட்டு அகல்வது இவ்வாறுதான் போலும்.

சட்டம் இங்கு என்ன சொல்லுகிறது என்பதைக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். படத்திற்கு ஒரு வழி, பொம்மைக்கு வேறொரு வழி. படத்தைப் பொறுத்தவரை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் துணை நிற்கிறது. படம் எடுக்கப்பட்ட கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால் சான்றாக உதவும், ஆனால் பதிவு கட்டாயமன்று. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நிழற்படத்தின் உரிமை, எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதாயின் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்று எழுதாவிடில் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கூலி கொடுத்து ஒருவரைப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, உரிமை கூலி கொடுத்தவருக்கே உரியது.

இணையத்தில் இட்ட படம் ஊர்ப் பொதுச் சொத்து என்பது பரவலான தவறான எண்ணம். 2010 சனவரியில் ஹெய்ட்டி நாட்டை நிலநடுக்கம் அழித்தபோது, அந்நாட்டுப் படக்கலைஞர் தானியேல் மோரெல் தாம் எடுத்த படங்களை இணையத்தில் வெளியிட்டார். அவை வேறொருவர் பெயரால் உலகின் பெரிய செய்திப்பட நிறுவனங்கள் வழியாகப் பரவின. வழக்கு நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்தது. 2013-இல் அவருக்கு 12 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு நடுவர் குழு தீர்ப்பளித்தது. தனியொருவர் பெரு நிறுவனங்களை எதிர்த்து வென்றார். ஆனால், அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

பொம்மை, விளக்கு போன்ற வடிவங்களுக்கோ நிலைமை வேறு. தொழில்முறையில் பெருக்கிச் செய்யும் பொருளின் வடிவத்தைக் காப்பது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால், பொருளைச் சந்தையில் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்குரிய ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் செய்துவிட்டால், அதற்கிருந்த பதிப்புரிமையும் மறைந்துவிடும் என்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பீங்கான் பட்டறையில் 50 பொம்மை என்பது ஒரு சூளைக்கே போதாது! நம் நண்பர்கள் இதை அறிந்தபோது இடையர் பொம்மை ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் விற்றிருந்தது.

இத்தகைய வழக்கு நம் காலத்தில் தோன்றியதன்று. செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், தேவதாயின் வாழ்வை மரக்கட்டைகளில் செதுக்கி வெளியிட்ட படத்தொடர் உலகப் புகழ் பெற்றது. இத்தாலியரான மார்க்கந்தோனியோ ரைமோந்தி அவற்றைச் செப்புத் தகட்டில் படியெடுத்து, டியூரரின் பெயர் முத்திரையையும் சேர்த்தே பொறித்து விற்றார். டியூரர் வெனிஸ் ஆட்சியாளரிடம் முறையிட்டதாகவும், அவர் முத்திரையை இனி இடலாகாது என்ற அளவே தீர்ப்புக் கிடைத்ததாகவும் வசாரி 1568-இல் எழுதியுள்ளார். பின்னர் 1735-இல் இங்கிலாந்தில் ஓவியர் ஹோகார்த்தும் உடன்தொழில் செய்தோரும் சேர்ந்து முறையிட்டதன் பயனாக, செதுக்குப் படங்களுக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்தது. உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. பெயரும் நாளும்: இவ்விரண்டே உழைப்பாளியின் முதல் வேலி.

வேலி மட்டும் சோறு போடாது என்பதும் உண்மை. இரவி வர்மாவின் படங்கள் தொங்காத வீடு ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. எனினும் 1894-இல் அவர் தொடங்கிய அச்சகம் இலாபம் தரவில்லை. பின்னர் அதை விற்றுவிட நேர்ந்தது. ஊரெல்லாம் பரவிய உருவம் செய்தவருக்கு உணவாக மாறுவதற்கு, வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே நேரான வழி ஒன்று வேண்டும்.

நம் நண்பர்கள் அவ்வழியைத்தான் தேடினர். இப்போது ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பெயரும் ஆண்டும் அச்சிலேயே பதிந்து வருகின்றன. மாதிரி வரைந்த தாள்களை நாளிட்டுப் பாதுகாக்கின்றனர். மகள் படங்களைச் சிறிய அளவில், நடுவே பெயர் எழுதியே வெளியிடுகிறாள். பெரிய மூலப்படம் வீட்டிலேயே இருக்கிறது. களவு போன படத்தைக் குறித்து, மூலப்படத்தைச் சான்றாகக் காட்டி, அதை வெளியிட்ட இணைய நிறுவனத்திற்கு எழுத்துமூலம் முறையிட்டாள். அவ்வாறு முறையிட்டால் 21 நாள்களுக்கு அதை நிறுத்திவைக்கச் சட்டம் வழி செய்துள்ளது. அதற்குள் நீதிமன்ற ஆணை பெறாவிடில் மீண்டும் வெளிவரலாம். இம்முறை படம் நீக்கப்பட்டது, பின்பு வரவுமில்லை. ஆண்டுதோறும் குடிலுக்குப் புதிய உருவம் ஒன்றைச் சேர்க்கின்றனர்; அதற்கு முன்பணத்துடன் ஆர்டர் எடுக்கின்றனர். படியெடுப்பவர் அடுத்த ஆண்டுதான் வந்து சேருவார். பெரும் செல்வம் சேர்ந்துவிடவில்லை. ஆனால், சம்பளத்துக்குப் போகும் பேச்சு அவ்வீட்டில் இப்போது எழுவதில்லை.

எஞ்சியது வாங்குவோராகிய நம் அனைவரின் கடமை. திருவிழா அழைப்பிதழுக்கும் பங்கின் ஆண்டு மலருக்கும் ஒரு படம் வேண்டுமெனில், எடுத்தவரைக் கேட்டு, இயன்றதைக் கொடுத்து, அவர் பெயரைப் படத்தின்கீழ் அச்சிடலாம். கேட்டால் மறுப்பவர் மிகச் சிலரே. கேளாததே அவர்களை வருத்துகிறது. குடிலுக்குப் பொம்மை வாங்கும்போது, விலையைக் கேட்பதோடு 'செய்தவர் யார்?' என்றும் கேட்கலாம். கடைக்காரர் விழித்தால், பொம்மையைத் திருப்பி அடியைப் பார்க்கலாம். பெயர் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வீடும், அவ்வீட்டில் ஓர் அடுப்பும் இருக்கின்றன. பிள்ளைகள் அருகிலிருக்கும்போது இவ்வாறு கேட்பது இன்னும் நன்று. கொய்யாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் தாய், படத்திற்கும் பொம்மைக்கும் அதே நீதி உண்டு என்பதை ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லாமலே கற்பித்துவிடுவாள்.